கான்சாகிபும் வாஷிங்டனும்

கேள்வி: அமெரிக்க மிஷன் பள்ளிகள் வளர்த்த ஊர் எங்களுடையது. அதனால் கேட்கிறேன்: ஆங்கிலேயரை எதிர்த்த ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதி ஆனார், நம்ம மதுரை கான்சாகிபு தூக்கில் தொங்கினார். ஏன் இந்த ஓரவஞ்சனை?
- வாசகர், பசுமலை

பதில்: இரண்டு பேருமே முதலில் ஆங்கிலேயருக்காகச் சண்டை போட்டவர்கள்தான். வாஷிங்டன் ராஜாவின் பட்டாளத்தில் அதிகாரி பதவி கேட்டார்; கிடைக்கவில்லை. கான்சாகிபுக்கு மதுரை நிர்வாகமே கிடைத்தது. ஆனால் 'ஆற்காட்டு நவாபுக்கு அடங்கி நட' என்றார்கள். 1763-ல் முறுக்கிக்கொண்டார். அமெரிக்காவில் துப்பாக்கி வெடித்தது 1775-ல். ஆக, கலகத்தில் மதுரைதான் சீனியர்!

வித்தியாசம், பிரெஞ்சுக்காரர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பதில் இருக்கிறது. 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் பிரெஞ்சுக் கப்பல்கள் கடலை மறித்து நிற்க, ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. மதுரைக் கோட்டைக்குள் தானியம் தீர்ந்து பட்டினி கிடந்த வேளையிலோ, உடனிருந்த பிரெஞ்சு அதிகாரி மர்ச்சந்தும் சேர்ந்து கான்சாகிபைக் கட்டிப்போட்டுக் காட்டிக்கொடுத்தார். 1764 அக்டோபர் 15-ல் தூக்கு. சம்மட்டிபுரத்தில் சமாதி இருக்கிறது. ஒருநாள் போய்ப் பாருங்கள்.

கேள்வி: தோற்ற கார்ன்வாலிஸ் என்ன ஆனார்?
- அதே வாசகர்

பதில்: 1786-ல் இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். கோட்டை விட்ட அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்து வெளியூருக்கு மாற்றுவதை நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்றா நினைத்தீர்கள்?