தங்கச் சிவப்பு: கேள்வி-பதில்

கோலார் தங்கவயலுக்கும் கண்ணாடிக் கலைஞருக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், ராபர்ட்சன்பேட்டை

தங்கம் இல்லாவிட்டால் அவர் மாணிக்கச் சிவப்புக்கு எங்கே போவார்? கண்ணாடியில் அந்த நிறத்தைத் தருவதே நுண்துகளாகக் கலந்த தங்கம்தான். 1857-லேயே விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்த சங்கதி.

2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்களே, கலைக்கு என்ன மிச்சம்?
– வாசகி, மாரிக்குப்பம்

மேடு மேடாகப் பாறைத்தூள்! தங்கம் ஒளிந்திருந்த குவார்ட்ஸும் கண்ணாடியின் சிலிக்காவும் ஒரே ஜாதி. ஆனால் சயனைடு கலந்த அந்த மேடுகளின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். அந்தத் தூள் நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

கண்ணாடி ஊதப் போகிறேன் என்கிறான் மகன். கண்ணுக்கு ஆபத்தில்லையே?
– வாசகர், ஆண்டர்சன்பேட்டை

அமெரிக்கக் கலைஞர் டேல் சிஹுலிக்கு இடக்கண் பார்வை போனது பட்டறையில் அல்ல, 1976-இல் கார் விபத்தில், கிழித்தது முன்கண்ணாடி! எதற்கும் பையனைப் பட்டறையில் பாதுகாப்புக் கண்ணாடியும் காரில் சீட் பெல்ட்டும் போடச் சொல்லுங்கள்.

சிஹுலிக்குக் கற்பனை எங்கிருந்து வந்தது?
– வாசகி, உரிகம்

பழங்குடியினர் முடைந்த பழைய கூடைகளிலிருந்து. அடுக்கி வைத்த பாரத்தில் அவை சாய்ந்திருந்தன. அந்தச் சாய்வையே கண்ணாடியில் ஊதினார்.

தமிழனுக்குக் கண்ணாடி தெரியாதா?
– வாசகர், சாம்பியன் ரீஃப்

ஏன் தெரியாது? அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்தான். அவன் பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று செய்பவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். பெயரையும் கேட்டு வையுங்கள்.