ஒரே பக்கத்தில் இரண்டு பெயர்

பட்டர்வொர்த் மாக் மண்டினில் ஆலைச் சங்கு ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அக்கா கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். பினாங்கில் தொழிற்பேட்டை என்ற சொல்லே புதிதாக இருந்த 1960களில் எங்கள் பக்கம் ஆலைகள் வந்தன. ஆலை வந்ததும் ஷிப்டு வந்தது. ஷிப்டு வந்ததும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பசியாற ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் தகரக் கூரை போட்ட ஓர் ஒட்டுக்கடை. பெயர்ப் பலகை கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது. அண்ணன் தே ஆற்றுவார், அக்கா தோசைக் கல்லின் முன் நிற்பார், அக்காவின் அம்மா பின்கட்டில் ஆட்டுக்கல்லோடு உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் மூவரும் பள்ளிச் சீருடையிலேயே மங்கு கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார்கள்.

1974இல், பதினெட்டு வயதில், நான் ஆலைக்குப் போன முதல் நாள் காலையில் அந்தக் கடைக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவன் என் நண்பன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் ஒரே பெஞ்சு, பிறகு வேறு வேறு இடைநிலைப் பள்ளி, அதன் பிறகு பக்கத்துப் பக்கத்து ஆலை. எனக்கு ஒரு வாரம் முன்பே வேலைக்குச் சேர்ந்துவிட்டதால் ஊரையே அவன்தான் கட்டியதுபோல எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தான்: இங்கே சைக்கிளை நிறுத்து, இந்த மேசையில் உட்காராதே கால் ஆடும், சட்னியை இரண்டாம் தடவை கேட்டால்தான் அக்காவுக்கு நம்மைப் பிடிக்கும். மூன்றாவது சொன்னது உண்மைதான் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அவன் நான்கு தோசை சாப்பிட்டான், நான் இரண்டு. ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தக் கணக்கு மாறவில்லை.

அந்தக் காலத்தில் தேயைக் கட்டிக்கொண்டு போவதென்றால் நெகிழிப் பை கிடையாது. கெட்டிப்பால் தீர்ந்த தகர டின்னைக் கழுவி, மூடியை முழுதாக வெட்டி எடுக்காமல் மேலே மடக்கி, அதில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருப்பார் அண்ணன். சுடச்சுடத் தேயை அதில் ஊற்றிக் கையில் தொங்கவிட்டால் கயிறு விரலை அறுக்கும், டின் முழங்காலைச் சுடும், ஆலை வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கால்வாசி தே சாலையில் இருக்கும். மீதியைக் குடித்தால் பாலின் இனிப்புக்கு அடியில் ஒரு மெல்லிய தகர வாசனை வரும். பிறகு வந்த பையிலும் காகிதக் குவளையிலும் எத்தனையோ தே குடித்துவிட்டேன். சிந்தாமல் வருகிறது, சுடாமல் வருகிறது, அந்த வாசனை மட்டும் எதிலும் வரவில்லை. உங்களில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு இதைப் படிக்கும்போதே அது மூக்கில் வந்திருக்கும்.

கல்லாவில் ஒரு 555 புத்தகம் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு நோட்டு, அட்டையில் பெரிதாக 555 என்று எண். அந்த நாட்களில் இந்த நாட்டில் அது இல்லாத மளிகைக் கடையோ சாப்பாட்டுக் கடையோ கிடையாது. மாதக் கடைசியில் எத்தனை குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கும் என்று யாராவது எழுதத்தான் வேண்டும். கடன் சொல்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். முதல் வாரம் எங்கள் பெயரை எழுதும்போது அக்கா பென்சிலை நிறுத்தி எங்களைப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வர்றீங்க தம்பி, எதுக்கு ரெண்டு பக்கம்?” என்று கேட்டுவிட்டு ஒரே பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதினார். அவனுக்குச் சம்பளம் ஒரு நாள், எனக்கு வேறொரு நாள். யாருக்கு முதலில் வருகிறதோ அவன் போய்ப் பக்கத்தை அடைத்துவிடுவான். நான்கு தோசைக்காரன் யார், இரண்டு தோசைக்காரன் யார் என்று ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. இன்றைக்கு இளைஞர்கள் பில் வந்ததும் கைப்பேசியில் தலைக்கு இவ்வளவு என்று காசு மிச்சமில்லாமல் பிரித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். நேர்மையான முறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாரும் யாருக்கும் கடன்படாமல் எழுந்துபோகிறார்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் கடன்பட்டிருந்ததால்தான் மறுநாளும் வந்தோமோ என்று தோன்றுகிறது.

இரண்டு சம்பளமும் கைக்கு வந்துவிட்ட சனிக்கிழமையில் மட்டும் அக்காவிடம் சொல்லிக்கொண்டு பினாங்குத் தீவுக்குப் போவோம். “போய்ட்டு வாங்க, அங்க போய் என் சாம்பாரைத் திட்டாதீங்க” என்பார். படகுக்குக் கட்டணம் பட்டர்வொர்த்திலிருந்து போகும்போது மட்டும்தான், திரும்பி வர இலவசம் என்பதால் கையில் இருப்பதையெல்லாம் தீவிலேயே தின்று தீர்த்துவிடும் துணிச்சல் எங்களுக்கு இருந்தது. கடலில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேல்தட்டில் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நின்றால் பேசாத பேச்செல்லாம் வெளியே வரும். அவன் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணைப் பற்றி முதலில் சொன்னது அங்கேதான், என் அப்பா போன பிறகு நான் முதன்முதலில் வாய்விட்டு அழுததும் அங்கேதான்.

இறங்கி நடந்தால் கெம்பல் சாலையில் ஹமீதியா. முகம்மது தம்பி ராவுத்தர் 1907இல் தொடங்கியது, இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில் இருப்பது, நாட்டிலேயே மிகப் பழைய நாசி கண்டார் கடை என்று பெயர் பெற்றது. கண்டார் என்றால் மலாயில் தோளில் தண்டு வைத்துச் சுமப்பது. இராமநாதபுரத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கப்பலேறி வந்த நம் தமிழ் முஸ்லிம்கள் காவடிபோல ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் கறிச் சட்டிகளையும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றார்கள். தோளில் இருந்தது பிறகு ஒரு மூலையில் இறங்கியது, மூலை கடையாயிற்று, கடை ஊரின் அடையாளமாயிற்று. பாட்டன் தோளில் சுமந்ததைப் பேரன் கல்லாவில் இருந்து விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். தட்டில் வெள்ளைச் சோறு, ஓர் ஆட்டுக்கறித் துண்டு, வெண்டைக்காய், அதன் மேல் இந்தச் சட்டியில் ஒரு கரண்டி, அந்தச் சட்டியில் ஒரு கரண்டி என்று எல்லாக் குழம்பும் கலந்து சோறு முங்கும்வரை ஊற்றச் சொல்வோம். வரிசை நீளமாக இருந்தால் மகிழ்ச்சி, இன்னும் கொஞ்சம் பேசலாம். திரும்பும் படகில் கையை முகர்ந்து பார்த்துக்கொள்வோம்.

1985 செப்டம்பரில் பாலம் திறந்தது. பதின்மூன்றரைக் கிலோமீட்டர், பிறையிலிருந்து குளுகோர் வரை, கடலைக் கடந்து. அன்று ஊரே கொண்டாடியது, நாங்களும் கொண்டாடினோம். அவன் அதற்கு முன்பே பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் நல்ல வேலை கிடைத்து, மணமாகி, தீவோடு போய்விட்டிருந்தான். பாலம் வந்துவிட்டது, இனி நினைத்தால் வரலாம் என்றான். வரலாம் என்றான பிறகுதான் வருவது குறைந்தது. படகு எங்கள் இருவரையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. பாலத்தில் அவரவர் அவரவர் வண்டியில் போனோம். அவன் அம்மாவைப் பார்க்க வரும் நாளில் மட்டும் கடைக்கு வருவான், அக்கா கேட்காமலே நான்கு தோசை ஊற்றுவார்.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை 1988 ஜூலை 31. மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருந்ததால் படகில் வந்திருந்தான், மதியம் கடையில் சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்குக் கிளம்பினான். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா, சீனர்களுக்கு குவான் யின் விழா, துறையில் அப்படியொரு கூட்டம். சாயங்காலம் பயணிகள் நின்றிருந்த தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள், 1,600 பேருக்கு மேல் காயம். நான் ஓடினேன், கிட்டே விடவில்லை. மருத்துவமனைக்கு ஓடினேன், அங்கே என்னைப்போல நூறு பேர் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருட்டியபின் வேறு போக்கிடம் இல்லாமல் கடைக்கே வந்து அந்த ஆடும் மேசையில் உட்கார்ந்தேன். எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்துக் கல்லாவின் மேல் ஒரே தொலைபேசி. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்ணும் அது ஒன்றுதான். ஒன்பது மணி சுமாருக்கு அது அடித்தது. அண்ணன் எடுத்தார், கேட்டார், ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். “டேய், முந்தின படகிலேயே ஏறிட்டேன்டா. வீட்டுக்கு வந்து தூங்கிட்டேன். இப்பத்தான் வானொலியில கேட்டேன்.” எனக்குப் பேச்சு வரவில்லை. அக்கா ஒரு தட்டில் இடியாப்பம் வைத்து என் முன்னால் தள்ளினார். அன்று அந்தக் கடையில் யார் என்ன சாப்பிட்டோம் என்று 555 புத்தகத்தில் அக்கா எழுதவேயில்லை.

இப்போது எங்கள் இருவர் கையிலும் கைப்பேசி. தினமும் காலையில் புலனத்தில் தாமரைப் பூவோடு வணக்கம் அனுப்புவான், நான் கைகூப்பும் படத்தைத் திருப்பி அனுப்புவேன். நலமாக இருக்கிறான் என்று தெரிந்துவிடுகிறது. ஒருகாலத்தில் அதைத் தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் முழுவதும் ஓடினேன். இந்த வசதியை நான் குறைவாகப் பேசமாட்டேன். ஆனாலும் எத்தனை தாமரை சேர்ந்தாலும் மேல்தட்டுக் காற்றில் நின்ற ஒரு கால் மணி நேரத்துக்கு ஈடாகவில்லை.

மாறியது நாங்கள் மட்டும் அல்ல, தீவிலும் பல கடைகள் போய்விட்டன. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு பழைய வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது ஜார்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்தவர்கள் பலர் பெட்டி படுக்கையோடு கிளம்பினார்கள். 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி வந்தபோது சுவர்கள் பத்திரமாக இருந்தன, உள்ளே இருந்தவர்கள்தான் வேறு. நடக்கும்போது இன்னும் எந்த வாசலில் எந்த முதலாளி நின்றார் என்று கை தானாகக் காட்டுகிறது.

அக்கா கடை நிற்கிறது. தகரக் கூரை போய் ஓடு பதித்த கடைவீடு, ஆட்டுக்கல் போய் இயந்திரம். அண்ணன் இல்லை. அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மங்கு கழுவிய மூவரில் நடுவுள்ளவள் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். ஆலைக்குப் போகும் பையன்கள் இப்போது நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வருகிறார்கள். சர்க்கரை வேண்டுமா என்று அவர்கள் மொழியிலேயே கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கல்லாவில் கியூஆர் அட்டை நிற்கிறது. அதன் பின்னால் ஒரு 555 புத்தகமும் இருக்கிறது. “சம்பளம் வர்ற வரைக்கும் அவங்க எங்க மாமா போவாங்க?” என்றாள்.

2021 பிறந்தபோது பழைய படகுகளில் கார் ஏற்றுவது நின்றுபோனது, 2023இல் புதிய படகுகள் வந்தன. குளிர்சாதனம், நல்ல இருக்கை, பத்து நிமிஷத்தில் கரை. காரை ஏற்ற முடியாது. அதனால் பணி ஓய்வு பெற்ற என் நண்பன் மாதம் ஒரு சனிக்கிழமை காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பதினெட்டு வயதில் போனதுபோல நடந்து படகேறி இக்கரைக்கு வருகிறான். துறையிலிருந்து என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கடைக்கு வருவான். காசை யார் கொடுப்பது என்று இருவரும் கைப்பேசியை நீட்டிச் சண்டை போடுவோம், அக்கா சிரிப்பார்.

வரும் சனிக்கிழமையும் வருகிறான். “அவனுக்கு நாலுதானே?” என்று நேற்றே அக்கா கேட்டுவிட்டார். அவனுக்குச் சர்க்கரை வந்து மூன்று வருஷமாகிறது. இப்போது அவனும் இரண்டுதான் சாப்பிடுகிறான்.