ஒரு டம்ளர் மட்டும்

அடிவயிற்று ஸ்கேன் எடுக்கப் போனால் பெயரை அப்புறம்தான் கேட்பார்கள். முதலில், "யூரின் முட்டுதாம்மா?" கேட்கிற சிஸ்டரின் குரல் வாசல் செக்யூரிட்டி வரைக்கும் போகும். கடைசி வரிசையில் செல்போன் நோண்டிக்கொண்டிருக்கும் யாரோ ஒருத்தியின் மாமனார்கூட நிமிர்ந்து என் பதிலுக்குக் காத்திருப்பார். நாலு பேர் எதிரில் பேசக் கூடாது என்று அம்மா கண்டித்து வளர்த்ததெல்லாம் அந்த ஹாலில் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. "எனக்கு லேசா வருது", "எனக்கு இப்பவோ அப்பவோன்னு இருக்கு, என்னை முதல்ல விடுங்க" என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சபையில் நிலவரம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நாற்பத்தெட்டு வயதில் மாதவிலக்கு அதன் இஷ்டத்துக்கு வந்துபோகத் தொடங்கியதால் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஸ்கேன் இது. துணைக்கு என் நாத்தனார். ஸ்கேன் விஷயத்தில் அண்ணி பழம் தின்று கொட்டை போட்டவர். "பெல்விஸ் மட்டும்னா டிபன் சாப்பிட்டுட்டே வரலாம். ஹோல் அப்டமன்னா வெறும் வயிறு. சாப்பிட்டா பித்தப்பை சுருங்கிடும், உள்ளே கல்லு இருந்தாலும் சரியாத் தெரியாது. தண்ணிக்குப் பதிலா சோடா குடிச்சுத் தொலைச்சுடாதே, வாயு வந்துடும்." அத்தனையும் சரி. டாக்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், என்ன, இவ்வளவு விளக்கமாகச் சொல்வதில்லை.

விதி இதுதான்: ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், அப்புறம் பாத்ரூம் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. சிறுநீர்ப்பையில் 200 மில்லி சேர்ந்தாலே நமக்கு ஞாபகப்படுத்த ஆரம்பித்துவிடும். 400, 500 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் அவரவர் மன உறுதி. ஸ்கேன் சென்டர்காரர்கள் ஒன்றை யோசிப்பதே இல்லை. டோக்கன் நின்றாலும் சிறுநீரகம் நிற்காது. பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பதினொன்றரைக்கு என் முன்னால் இன்னும் நாலு பேர். நடுவில் ஒரு அவசரக் கேஸ் வேறு. என் பக்கத்தில் இருந்த பெண் பொறுக்கமாட்டாமல் ஓடிப்போய்விட்டு, உலகத்தையே மன்னித்துவிட்ட முகத்தோடு திரும்பி வந்தாள். சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. புதுசாக ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

படிப்பதற்கு அங்கே இருந்தது ஒரே ஒரு போர்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்று எழுதியிருந்தது. என் வயதுக்கு அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். டி.வி.யில் செய்தி. மேட்டூர் அணை நீர்மட்டம் முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டிவிட்டதாம், எந்த நேரமும் உபரிநீர் திறக்கப்படலாமாம், திருச்சி வரை கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமாம். ஹாலில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே சமயத்தில் கால்மேல் கால் போட்டோம்.

எதற்கு இந்தப் பாடு என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் மகிழ்ந்துபோவார். பெல் தொழிற்சாலையில் பாய்லர் வெல்டிங்கைச் சோதிக்கும் பிரிவில் வேலை. "இது எங்க அல்ட்ராசோனிக் டெஸ்டிங்தான். சத்தம் உள்ளே போகும், எதிலாவது மோதித் திரும்பும், அதைப் படமாக் காட்டும். நடுவுல காத்து இருந்தா சத்தம் தாண்டாது. அதனாலதான் நாங்க கிரீஸ் தடவுறோம், இவங்க ஜெல் தடவுறாங்க." மனுஷக் காதுக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. இது நொடிக்குச் சுமார் 35 லட்சம். எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சு கிடையாது. கர்ப்பப்பைக்கு முன்னால் குடல் வாயுவோடு வந்து மறைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. சிறுநீர்ப்பை நிரம்பினால் குடலை மேலே தள்ளிவிடும். தண்ணீர் வழியாகச் சத்தம் தடையில்லாமல் போகும். ஆக, முட்டிக்கொண்டு நிற்பதுதான் ஜன்னல்.

அவர் பெருமைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. கிளாஸ்கோ மகப்பேறு டாக்டர் இயன் டொனால்டு, 1955 ஜூலையில், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குத்தான் போனார். இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியில் அவற்றை வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் இருந்தது. 1958-இல் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. சிறுநீர்ப்பையை நிரப்பிவிட்டுப் பார்க்கும் வழக்கம் 1960-களில் வந்தது. கண்டுபிடித்தவரை ஒரு லிட்டர் குடிக்கவைத்து டோக்கனோடு உட்காரவைத்திருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

ஒருவழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஐஸ் மாதிரி ஜெல். சரியாக எந்த இடத்தில் அழுத்தக் கூடாதோ அந்த இடத்தில் டாக்டர் கருவியை வைத்து அழுத்தினார். திரையில் கன்னங்கரேலென்று ஒரு குளம். அத்தனையும் என் உழைப்பு.

"ரொம்ப ஃபுல்லா இருக்கேம்மா. கர்ப்பப்பையை அமுக்கிடுச்சு. ஒரு டம்ளர் மட்டும் போய்ட்டு வாங்க."

ஒரு டம்ளர்! மேட்டூரில் மதகு இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது, திறந்து மூட ஆள் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், டம்ளரில் அண்டா சைஸும் உண்டு.

மறுபடி பார்த்துவிட்டு டாக்டர், "இடது சினைப்பை சரியாத் தெரியலை, டி.வி.எஸ். பண்ணிடலாம்" என்றார். வாசலில் நின்ற அண்ணி, "டி.வி.எஸ். டோல்கேட்டுக்கா போகணும்?" என்று பதறினார். அது உள்வழி ஸ்கேன். கருவி உறுப்புக்குப் பக்கத்திலேயே போவதால் படம் இன்னும் தெளிவாக வரும். உறை மாட்டித்தான் செய்வார்கள், கொஞ்சம் கூச்சம், வலி பெரிதாக இல்லை. அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். காலியாக!

ரிப்போர்ட்டை வீட்டில் என்னவர்தான் முதலில் படித்தார். "டக்ளஸ் பையில நீர் இல்லைன்னு போட்டிருக்கு. யாரு இந்த டக்ளஸ்?" கர்ப்பப்பைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்துக்கு ஜேம்ஸ் டக்ளஸ் என்ற பழைய ஸ்காட்லாந்து டாக்டரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்த வரி, 2 சென்டிமீட்டரில் ஒரு நார்க்கட்டி. "வெல்டிங்ல இவ்வளவு பெரிய டிஃபெக்ட் இருந்தா ரிஜெக்ட் பண்ணிடுவோம்" என்றார். டாக்டரம்மா ரிஜெக்ட் செய்யவில்லை. இந்தச் சைஸ் கட்டி நிறையப் பேருக்கு இருக்கும், தொந்தரவு கொடுக்காத வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்க்கலாம் என்றார்.

"அதுக்கும் தண்ணி குடிக்கணுமா?" என்று சிரித்தார் மனிதர்.

"உங்களுக்கும் வயசு ஏறுதுல்லங்க, புராஸ்டேட்டுக்கு எழுதினா தெரியும். அதுக்கும் முட்ட முட்டத் தண்ணி. எடுத்து முடிச்சதும் போய்ட்டு வரச் சொல்லி, உள்ளே மிச்சம் எவ்வளவு நிக்குதுன்னு மறுபடி அளப்பாங்க."

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்றார், யாரும் கேட்காமலே.