காலையில் வந்து இரவில் ரயில் ஏறுகிறவருக்கு மதுரை

(வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்)

என்னோடு கல்லூரியில் படித்த சென்னை நண்பர் முதல்முறையாக மதுரை வருகிறார். காலையில் இறங்கி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் திரும்புகிறார். எத்தனை இடம் காட்டலாம்?
– வாசகர், எஸ்.எஸ். காலனி

நான்கு. அதற்கு மேல் வேண்டாம்.

பல வருடங்களுக்கு முன் என் நண்பர் ஒருவரை அழகர்கோவில், பழமுதிர்சோலை, திருப்பரங்குன்றம், மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் என்று ஒரே நாளில் காரில் சுற்றிக் காட்டினேன். ஊருக்குப் போனவர் எடுத்த படங்களை அனுப்பி, "இதில் எது எந்தக் கோயில்?" என்று என்னிடமே கேட்டார். அன்று முதல் யார் வந்தாலும் நான்கு இடம்தான்: கோயில், மகால், காந்தி மியூசியம், தெப்பக்குளம். நடுவில் வயிறாரச் சாப்பாடு.

ரயிலடியில் இறங்கியதும் முதலில் எங்கே கூட்டிப் போவது?
– வாசகி, ஆரப்பாளையம்

குளிக்க. அப்புறம் ஒரு காபி. ஆறரை மணிக்கெல்லாம் டவுன் ஹால் ரோடு வழியாக நடக்க ஆரம்பித்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேற்குக் கோபுரம் எதிரே நிற்கும். ஆட்டோ வேண்டாம். ஆட்டோவில் போனால் கூரை மறைத்து, கோபுரத்தின் கால் பகுதிதான் கண்ணில் படும். நடந்து போகிறவருக்குக் கட்டடங்களின் இடுக்கில் முதலில் கலசம் தெரியும், பிறகு மேல்நிலைகள், பிறகு முழுக் கோபுரம். அந்த வரிசையில் பார்க்க வேண்டிய ஊர் இது.

கோயிலுக்குள் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? உள்ளே போனால் திசையே தெரியவில்லையே!
– வாசகர், திண்டுக்கல்

இரண்டரை மணி நேரம் வையுங்கள். கைப்பேசியை வெளியே பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட வேண்டும்; 2018-லிருந்து உள்ளே அனுமதி இல்லை. இதை வரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கிற வேலை இல்லாததால் கண் அதன் வேலையைச் செய்யும்.

கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழையுங்கள். மதுரையில் முதலில் அம்மன், பிறகுதான் சுவாமி. பொற்றாமரைக் குளத்தின் வடகரைப் படியில் நண்பரை உட்கார வைத்து, எதிரே தெற்குக் கோபுரத்தைக் காட்டுங்கள். 1559-ல் கட்டியது, சுமார் 170 அடி, நான்கில் உயரமானது. பேசாமல் பத்து நிமிடம் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பிறகு வெள்ளியம்பலம். எந்த ஊர் நடராஜரும் இடது காலைத் தூக்கி ஆடுவார். மதுரையில் மட்டும் வலது காலைத் தூக்கியிருக்கிறார். ஒரே காலில் நின்று ஆடினால் உமக்கு வலிக்காதா, எனக்காகக் கால் மாற்றி ஆடும் என்று பாண்டியன் ராஜசேகரன் மன்றாடினான், ஆண்டவன் இசைந்தான் என்பது தலபுராணம். கடவுளுக்கே கால் வலிக்குமே என்று கவலைப்பட்ட ஊர் இது. நண்பரிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் வெளியே வராதீர்கள்.

ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் தூண் இருக்கிறதா? என் மகன் எண்ணியே தீருவேன் என்கிறான்.
– வாசகி, மேலூர்

985. மீதித் தூண்களுக்கான இடத்தில் சன்னதி இருக்கிறது. 1569-ல் அரியநாத முதலியார் கட்டுவித்தது. வாசலிலேயே குதிரை மேல் அவர் சிலை இருக்கும். மகனை எண்ண விடுங்கள். எண்ணுகிற பிள்ளை ஒவ்வொரு தூணையும் பார்த்தே ஆக வேண்டும் அல்லவா?

என் தோழி கிறிஸ்தவர். கோயிலில் அவரை எங்கே வரை கூட்டிப் போகலாம்? சங்கடமாக இருக்கிறது.
– வாசகி, அண்ணா நகர்

சன்னதிகளுக்குள் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. இதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். வாசலில் காவலர் தடுக்கும்போது சொன்னால் உங்கள் விருந்தாளியின் முகம் வாடும். அதைவிடப் பெரிய சங்கடம் இல்லை. எது வரை போகலாம் என்று அங்கே கேட்டுக்கொண்டு அது வரை கூட்டிப் போங்கள். நீங்களும் அன்று சன்னதிக்குள் போகாமல் அவரோடு நில்லுங்கள். அம்மனை நாளைக்கும் பார்க்கலாம், தோழி நாளைக்கு ஊரில் இருக்கமாட்டார். பிறகு நான்கு சித்திரை வீதிகளையும் ஒரு சுற்று. வண்டி வராத வீதிகள் என்பதால் நான்கு கோபுரங்களையும் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கலாம்.

தெருக்களுக்குத் தமிழ் மாதப் பெயர் வைத்ததில் ஏதாவது கணக்கு உண்டா? விருந்தாளி கேட்டால் முழிக்கிறேன்.
– வாசகர், கீழவாசல்

உண்டு. இந்த ஊரை விருந்தாளிக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. மதிலை ஒட்டிச் சித்திரை வீதி. அதற்கு வெளியே ஆவணி மூல வீதி. அதற்கும் வெளியே மாசி வீதி. எல்லாவற்றையும் சுற்றி வெளி வீதி. கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாகப் போட்ட ஊர். எந்த மாதத் திருவிழாவில் சுவாமி எந்த வீதி சுற்றினாரோ, அந்த வீதிக்கு அந்த மாதத்தின் பெயர்.

அப்படியானால் சித்திரைத் தேர் மட்டும் ஏன் மாசி வீதிகளில் ஓடுகிறது? நண்பரிடம் இந்தப் புதிரைப் போடுங்கள். முன்பு மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது ஊர் சொல்லும் விடை. சைவ விழாவும் வைணவ விழாவும் ஒரே திருவிழா ஆயின. தேர் மட்டும் பழைய வீதியை விடவில்லை.

வெளி வீதிப் பக்கம் போனால் இன்னொன்றும் சொல்லுங்கள். அங்கே கோட்டைச் சுவர் இருந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடித்து அகழியை மூட வைத்தார். அந்த வேலையில் துணை நின்ற பெருமாள் மேஸ்திரி, மாரட் ஆகியோரின் பெயர்கள் இன்றைக்கும் தெருப் பெயர்களாக இருக்கின்றன. விளக்குத்தூண் என்று தினமும் பேருந்தில் சொல்கிறோமே, அது பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்கு.

திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்த என் நண்பர் "இவ்வளவுதானா?" என்றார். மனசு கஷ்டமாகிவிட்டது.
– வாசகர், தெற்கு வாசல்

அவர் பார்த்தது கால்வாசி மகால்தானே! 1636-ல் கட்டி முடித்தபோது இதைப் போல நான்கு மடங்கு இருந்தது. பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்துக் கொண்டுபோனார். மிச்சமும் பாழாய்க் கிடந்தபோது சென்னை கவர்னர் நேப்பியர் பழுதுபார்க்க வைத்தார்.

இதை வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப் போங்கள். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள், கை எட்டாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய வழவழப்பை உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே தூணில் பேனாவால் பெயர் எழுதி வைத்திருக்கிறவர்களையும் பார்ப்பார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சினிமா பிரியர் என்றால் மணிரத்னத்தின் 'பம்பாய்' படப் பாட்டு ஒன்று இங்கே எடுத்தது என்று சொல்லுங்கள். நிமிர்ந்து நின்று பார்ப்பார்.

பகல் 12.30 மணிக்குக் கோயில் நடை சாத்திவிடுகிறார்களே. அந்த நேரத்தில் என்ன செய்வது?
– வாசகி, விருதுநகர்

ஊர் செய்வதைத்தான் செய்ய வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். நடை மறுபடி நான்கு மணிக்குத்தான் திறக்கும். சித்திரை வெயிலில் விருந்தாளியைத் தெருவில் இழுத்துக்கொண்டு அலைவது பாவம். மதியச் சாப்பாட்டுக்கு அயிரை மீன் குழம்பு கிடைத்தால் பாக்கியம். சைவம் என்றால் வீட்டில் சமைத்துப் போடுங்கள். ஒரு ஊரைப் பார்ப்பதில் அந்த ஊர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் கண்ணயர்வதும் சேர்த்திதான்.

ஜிகர்தண்டாவில் அப்படி என்ன இருக்கிறது? பாலில் ஐஸ்கிரீம் போட்டால் ஜிகர்தண்டா ஆகிவிடுமா?
– வாசகர், கோவை

ஆகாது ஐயா. பாதாம் பிசினை முதல் நாள் இரவே ஊறப் போட வேண்டும். சுண்டைக்காய் அளவுக் கட்டி காலையில் பார்த்தால் கை கொள்ளாத பனிக்கட்டி போல ஊதியிருக்கும். டம்ளரின் அடியில் அந்தப் பிசின், அதன் மேல் நன்னாரி சர்பத், அதன் மேல் நிறம் மாறும் வரை காய்ச்சிச் சுண்டவைத்து ஆறிய பால், எல்லாவற்றுக்கும் மேல் கடைக்காரர்கள் தாங்களே செய்யும், லேசாகப் பழுப்பேறிய ஐஸ்கிரீம். ஜிகர் என்றால் ஈரல், நெஞ்சு என்று பொருள். தண்டா என்றால் குளிர்ச்சி. நெஞ்சு குளிரும் என்ற பெயருக்குத் துரோகம் செய்யாத பானம்.

மாலை ஐந்து மணிக்கு விளக்குத்தூண் பக்கம், நின்றபடியே குடிக்கக் கொடுங்கள். கலக்க வேண்டாம். முதல் வாய் ஐஸ்கிரீம், நடுவில் பால், கடைசியில் பிசின் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

கீழடியா, காந்தி மியூசியமா? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது.
– வாசகர், திருமங்கலம்

வருகிறவர் வரலாற்று ஆசிரியர் என்றால் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் அது. அரை நாளை முழுசாகக் கொடுங்கள், மகாலை விட்டுவிடுங்கள். மற்ற எல்லோருக்கும் என் தீர்ப்பு காந்தி மியூசியம்.

1921 செப்டம்பர் 22 அன்று மேல மாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு, அரை வேட்டிக்கு மாறினார். அந்த உடையில் அவர் முதலில் பேசிய இடத்துக்குக் காந்தி பொட்டல் என்று பெயர். காமராஜர் சாலையில் இருக்கிறது. 1948-ல் சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி வைகைக்கு வடக்கே இந்த மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில் 1959-ல் நேரு திறந்துவைத்தது. அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டு வந்த பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெட்டி முன்னால் தாமாகவே அடங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கறை இப்போது மங்கிய பழுப்பு நிறம். எளிய உடைக்கு அவர் மாறியதும் இந்த ஊரில். கடைசி உடை வந்து சேர்ந்ததும் இந்த ஊரில்.

வருகிற நண்பருக்கு முழங்கால் வலி. நடக்கச் சொல்கிறீர்களே?
– வாசகர், சோழவந்தான்

அவரை நடக்க விடாதீர்கள். காலையில் பொற்றாமரைக் குளப்படி, மாலையில் தெப்பக்குளம், இரண்டு இடத்திலும் உட்கார்ந்தே ஊரைப் பார்க்கலாம். தெப்பக்குளம் ஏறத்தாழ 16 ஏக்கர், 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகாலுக்கு மண் எடுத்த பள்ளம் என்றும், தோண்டும்போதுதான் மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்றும் சொல்வார்கள். வெயில் தாழ்ந்ததும் ஊரே வந்து கரைச் சுவரில் உட்கார்ந்திருக்கும். ஒரு சுண்டல் பொட்டலம், மைய மண்டபத்தின் மேல் அந்தி வெளிச்சம். போதும்.

ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கிக் கொடுப்பது?
– வாசகி, பரவை

நண்பர் வீட்டுப் பெண்களுக்குச் சுங்குடிச் சேலை. சௌராஷ்டிரக் குடும்பங்கள் துணியை நுனிவிரலால் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றுவது. முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. அச்சுப் போட்டதைச் சுங்குடி என்று விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். கைமுடிச்சில் புள்ளிகள் ஒரே அளவாக இருக்காது, துணியும் லேசாகச் சுருங்கி மேடு தட்டும்.

அப்புறம், மல்லி. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. மலர்ந்ததை வாங்காதீர்கள், இறுகிய மொட்டாக வாங்குங்கள். பூக்கார அம்மா முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, கொசுறாக ஒரு விரற்கடை சேர்த்து வாழை இலையில் கட்டித் தருவார். திண்டுக்கல் தாண்டும்போது மொட்டு வெடிக்கும், பெட்டி முழுவதும் மணக்கும்.

இரவு ரயிலுக்கு முன் சாப்பாடு?
– வாசகர், பழங்காநத்தம்

இட்லி. ஆவி பறக்க, தெருவோரத்தில், நாலு சட்னியோடு. அசைவக்காரருக்குக் கறிதோசை. தூங்கா நகரம் என்ற பெயர் சும்மா வரவில்லை. ரயில் தாமதம் என்றாலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டால் திட்டம் எல்லாம் பாழா?
– வாசகி, செல்லூர்

இல்லை அம்மா. ஆயிரங்கால் மண்டபமும் மகாலும் நனையாத இடங்கள். தெப்பக்குளத்தை மட்டும் விடுங்கள். மேற்கே நல்ல மழை பெய்து வைகையில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டால், நான் மேலே சொன்ன நான்கையும் தள்ளிவைத்துவிட்டு, குடையோடு ஏ.வி. பாலத்துக்குக் கூட்டிப் போங்கள். 1889-ல் திறந்த பாலம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் விருந்தாளிக்கும் அங்கே ஒரு இடம் விடுவார்கள்.