பிப்ரவரிக்கு முந்நூறு

இன்னா கண்ணு, விடிஞ்சதும் விடியாததுமா பாறை மேல ஏறிக்கினு லேப்டாப்பைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கிற? சிக்னலா? சரிதான். நம்ம ஜமுனாமரத்தூர்ல சாமை வெளையும், பலா காய்க்கும், சிக்னல் மட்டும் ஆளைப் பாத்துதான் வரும். அதோ காவலூர் வானாய்வகத்துல ஒக்காந்துக்கினு 1977லயே யுரேனஸைச் சுத்தி வளையம் இருக்கிறதப் பாத்தவங்க இருக்காங்க. ஒனக்கு ஒன் சம்பளச் சீட்டுல இருக்கிற எரநூறு ரூபா புரியல. எறங்கி வா. வழுக்கி வுழுந்தா அதுக்கு வரிச்சட்டத்துல கழிவு கெடையாது.

இன்னா வழக்கு? ஓசூர்ல வாடகை வூடு. எலக்ட்ரானிக் சிட்டியில வேலை. தெனம் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வர்ற. நீ படுக்கிறது தமிழ்நாட்டுல, துட்டு புடிக்கிறவன் கர்நாடகாக்காரன். "வெளி மாநிலத்தான்னு எழுதிக் குடுத்தா திரும்ப வரும்"னு வாட்சப்புல எவனோ சொல்லிட்டான். அதுக்காக ஒரு ஞாயித்துக்கெழமைய இந்தப் பாறைக்குக் குடுத்துட்ட.

ஏம்ப்பா, மாடு எந்தக் கொட்டாயில படுத்தா இன்னா? மேய்ச்சலுக்குக் காசு கேக்கிறவன் மேஞ்ச காட்டுக்காரன் தானே?

அந்த எரநூறு தொழில் வரி. வேலை எங்கியோ அங்க கட்டணும். நம்ம பக்கம் ஊராட்சியும் மாநகராட்சியும் அரையாண்டுக்கு ஒருக்கா வாங்கும். கர்நாடகாவுல மாசாமாசம், அதுவும் சம்பளம் இருபத்தஞ்சாயிரத்த எட்டினாத்தான். எந்த மாநிலமா இருந்தாலும் ஒரு ஆள்கிட்ட வருஷத்துக்கு 2,500க்கு மேல வாங்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துல 276ஆம் பிரிவுல எழுதிக் கட்டிப் போட்டிருக்குது. மொதல்ல 250தான் இருந்துச்சு, 1988ல திருத்தி ஒரு சைபரு சேத்தாங்க. பன்னண்டு மாசம் எரநூறு போட்டா 2,400 வருதா? பாக்கி நூறை வுட மனசு வருமா அவனுக்கு? 2025லருந்து பிப்ரவரிக்கு மட்டும் முந்நூறு. இருக்கிறதுலயே குட்டி மாசம், அதுக்குத்தான் பெரிய வரி! அந்தக் கணக்கு எழுதுன குமாஸ்தா யாரோ, அவன் காலத் தொட்டுக் கும்புடணும். நானும் லாம்ப் கூட்டுறவுச் சங்கத்துல முப்பது வருஷம் பேனா புடிச்சவன்தான், எனக்கு இந்த ரோசனை வரலியே.

இப்ப அத நீ எங்க எழுதுன? காட்டு. அட பாவி, "கட்டிய வரி" கட்டத்துலயா? அங்க வருமான வரிதான் நிக்கணும். படிவம் 26ஏஎஸ்ல இன்னா இருக்குதோ அதுதான் அங்க ஏறும். தொழில் வரி வேற வூட்டுப் புள்ள. அதுக்கு எடம் சம்பளத்துலருந்து கழிக்கிற பக்கம். அதுவும் பழைய முறைய எடுத்துக்கினவனுக்குத்தான். நீ புது முறை. எழுபத்தஞ்சாயிரம் நிலைக்கழிவ வாங்கிக்கினியா? அப்ப இது கெடையாது. ரெண்டு கையிலயும் லட்டு குடுக்க அவன் இன்னா ஒன் தாய்மாமனா?

அம்மாம் படிச்சுட்டு ஒண்ணு மட்டும் வெளங்கல பாரு ஒனக்கு. புடிக்கிறது வேற, வரி வேற.

புளி எடுத்துக்கினு போளூர் சந்தைக்குப் போறோம். யாவாரி மூட்டையத் தொட்டுப் பாக்கிறான். "கொட்டை இருக்குது, ஈரம் இருக்குது"ன்னு மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவு புடிக்கிறான். அது கண்ணால போட்ட உத்தேசம். பிரிச்சுக் காய வச்சு நிறுத்தாத்தானே நெசக் கழிவு தெரியும்? யாவாரி திருப்பித் தர மாட்டான், அது வேற கதை. சர்க்காரு தரும், ஆனா நீ போய் நிறுத்துக் காட்டணும். அந்த நிறுவைக்குப் பேருதான் ரிட்டர்ன். டி.டி.எஸ். புடிச்சிட்டாங்கன்னு ஒப்பாரி வைக்கிறவனும் பேஜாரு, "புடிச்சாச்சே, இனி எனக்கின்னா"ன்னு தூங்கிறவனும் பேஜாரு.

வேலூர்ல ஒன்கூடப் படிச்சுதே ஒரு பொண்ணு, நியூஜெர்சி எடிசன்ல வூடு, நியூயார்க்குல வேலை. போன வாரம் ஸ்பீக்கர்ல போட்டு அழுதுச்சே, நான் திண்ணையில கேட்டுக்கினுதான் இருந்தேன். அங்க மாநிலத்துக்கு மாநிலம் வருமான வரியே உண்டு. நியூயார்க்கு வெட்டிட்டான், நியூஜெர்சியும் கணக்கு கேக்கிறான், ரெண்டு எடத்துலயும் அழுவணுமான்னு கேட்டுச்சு. அழுவத் தேவையில்ல. வரிசை தெரியணும். சம்பாரிச்ச ஊருக்கு மொதல்ல எழுது. வெளியூரான் எழுதுற படிவம் ஐடி-203. அதுல நெச வரி எம்மாம்னு தெரிஞ்சிரும். அந்தச் சீட்ட எடுத்துக்கினு வூட்டு மாநிலத்துக்கு வா. "அங்க கட்டிட்டேன்"னு சொன்னா நியூஜெர்சி அம்மாத்தயும் கழிச்சுக்கும், ஆனா அதே வருமானத்துக்குத் தன் கணக்குல வர்ற வரிக்கு மேல ஒரு தம்படி கழிக்காது.

அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு? டபிள்யூ-2 சீட்டுல நியூயார்க்கு புடிச்ச தொகைய அப்படியே தூக்கி நியூஜெர்சி கழிவுல போட்டுருச்சு. மூட்டைக்கு ரெண்டு கிலோன்னு யாவாரி சொன்னத நெசக் கழிவுன்னு எழுதுற மாதிரி. புடிச்சதுல மிச்சத்த நியூயார்க்கு திருப்பித் தருது. அதுக்கும் நியூஜெர்சிகிட்ட கழிவு கேட்டா, ஒரே பலாப்பழத்த ரெண்டு சந்தையில விக்கிற வேலையில்லியா?

இன்னொண்ணு கேளு, சிரிப்பு வரும். அந்தப் பொண்ணு பாதி நாளு எடிசன் வூட்லயே ஒக்காந்து வேலை செய்யுதாம். அந்த நாளுக்கும் நியூயார்க்கு வரி கேக்கிறான். "வூட்ல ஒக்காந்தது ஒன் வசதிக்கு, ஒன் முதலாளி அவசியத்துக்கில்ல"ன்னு விதி வச்சிருக்கான். மாட்ட ஓட்டியே போவல, மேய்ச்சல் காசு மட்டும் வூட்டுக்கு வந்து வாங்கிக்கினு போறான். கெட்டிக்காரன்! ஆனா பக்கத்து பென்சில்வேனியாவும் நியூஜெர்சியும் சம்பந்தி மாதிரி, ஒரு படிவத்துல எழுதிக் குடுத்துட்டா சம்பளத்துக்கு வூட்டு மாநிலம் மட்டுந்தான் புடிக்கும். இவ்வளவுக்கும் கெடு ஏப்ரல் 15, நம்ம சித்திரை வருசப் பொறப்புக்கு மறுநாளு. மாங்கா பச்சடி தொண்டையில எறங்குமா அந்தப் பொண்ணுக்கு?

இன்னா முணுமுணுக்கிற? "நாம மலையாளி, பழங்குடி, நமக்கு வரியே இல்ல"வா? இதயும் வாட்சப்புலதான் படிச்சியா? 1961 வருமான வரிச் சட்டத்துல பழங்குடிக்கு விலக்குன்னு 10(26)ஆம் பிரிவு வச்சாங்க. நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், மேகாலயா, அருணாசலம், திரிபுரா, அசாமுல சில மலைப்பக்கம், லடாக். அந்தப் பட்டியல்ல நம்ம ஜவ்வாது மலை இல்ல. அந்த மலைக்காரனுக்கே அங்க குடியிருந்து, அங்க சம்பாரிச்சாத்தான். சென்னைக்கு வந்து சம்பளம் வாங்கினா அவனுக்கும் வெட்டுதான். இது நாயமான்னு கேட்டா, நாயமில்லதான். அவங்க மலைக்கு ஒரு சட்டம், நம்ம மலைக்கு ஒரு சட்டம். ஆனா நாயத்தப் படிவத்துல எழுத கட்டம் கெடையாது.

ஒனக்கு வருஷத்துக்கு எம்மாம்? எட்டு லட்சமா? பன்னண்டு லட்சம் வரைக்கும் புது முறையில வரியே வரலியே! போன கம்பெனிக்காரன் உத்தேசமாப் புடிச்சது மொத்தமும் திரும்பும். போடாத நன்கொடையப் போட்டதா எழுதி ரீஃபண்டு வாங்கித் தர்றேன்னு எவனாவது கமிஷன் கேட்டான்னா, அவன் கையில பான் நம்பரக் குடுத்துராத. ஒன் துட்டக் கேக்க ஒனக்கு எதுக்குத் தரகன்? வழக்கமா சூலை 31 கெடு, ஆடிப்பெருக்குக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி. அனுப்பிட்டு முப்பது நாளைக்குள்ள ஆதார் ஓடிபியப் போட்டு உறுதி பண்ணு. அதப் பண்ணலன்னா அனுப்பாத மாதிரிதான்.

அந்த ஓடிபிக்குத்தான் சிக்னல் வேணும். சரி, ஏறு பாறையில. ஏறுறதுக்கு முன்னால கடையில எனக்கு ஒரு டீ சொல்லிட்டுப் போ. ஆலோசனைக் கூலிக்குப் பத்து சதம் புடிக்கணும்னு ஒரு சட்டம் இருக்குது, அத நெனப்புல வச்சுக்கினு கிளாஸைக் கொறச்சுக் குடுக்கச் சொல்லிறாத.