விளாங்குடியில் இறங்கிக்கொள்ளவும்

மதுரைக்கு வருகிற எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் மதுரைக்குள்ளேயே போகிறார்கள். கோயம்புத்தூர், பழனி, திண்டுக்கல் பஸ்கள் பரவை வழியாக விளாங்குடிக்குள் புகுந்து, பாத்திமா கல்லூரியைக் கடந்து, ஆரப்பாளையத்தில் போய் நிற்கும். ரயிலில் வருகிறவர்களும் கூடல்நகர் ஸ்டேஷனைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக எங்கள் ஏரியாவைப் பார்க்கலாம். எக்ஸ்பிரஸ்காரர்கள் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஜங்ஷன் வரைக்கும் போய்விட்டு, வந்த வழியே திரும்பி வர வேண்டும்.

அதனால்தான் கோயம்புத்தூர் அத்தைக்கு போனில் மூன்று தடவை சொன்னேன். "பரவை தாண்டினதும் எந்திரிச்சு வாசல்கிட்ட வந்துருங்க அத்தை. விளாங்குடின்னு கண்டக்டர்கிட்ட முதல்லயே சொல்லி வைங்க." சரி கண்ணு, சரி கண்ணு என்று மூன்று தடவையும் கேட்டுக்கொண்டார்.

பஸ் வந்தது. நான் ஸ்டாப்பில் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறேன். மூன்றாவது ஜன்னலில் அத்தை. கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருக்கிறார். நான் கையை ஆட்ட, பஸ் என்னைத் தாண்டிப் போயிற்று. ஸ்கூட்டரை எடுத்துத் துரத்தினேன். ஆரப்பாளையத்தில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றபோது அத்தை கட்டைப்பையோடு இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, நிறைந்த மனசோடு சொன்னார்: "ஏஞ்சாமி, உங்க விளாங்குடி நல்லா முன்னேறிருச்சு. இத்தாப்பெரிய பஸ் ஸ்டாண்டெல்லாம் கட்டிப்போட்டாங்களே!"

அன்றைக்கு ஒன்றைப் புரிந்துகொண்டேன். பயணக் குறிப்பு என்பது கொடுக்கிறவருடைய திருப்திக்காகக் கொடுப்பது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் குடியிருக்கிறேன். 2011-ல் விளாங்குடியை மதுரை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். அதற்கு முன்பே எங்கள் வீட்டைச் சொந்தக்காரர்கள் மதுரையின் சத்திரமாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

வருகிறவர்களுக்கு முதலில் பஸ் ஸ்டாண்டுப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. மதுரையில் ஒரு பஸ் ஸ்டாண்டு இல்லை என்பதை வெளியூர்க்காரர்கள் ஏதோ துரோகம் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். தேனி, கொடைக்கானல், பழனி, கோவைப் பக்கம் என்றால் ஆரப்பாளையம். சென்னை, திருச்சி, திருநெல்வேலி, ராமேஸ்வரம் என்றால் மாட்டுத்தாவணி. ஊருக்குள் சுற்ற டவுன் பஸ் வேண்டுமானால் பெரியார். எங்கே போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகுதான் எங்கே போய் நிற்பது என்று முடிவு செய்ய முடியும். "சும்மா எங்கயாச்சும் போலாம்னு கிளம்பினா?" என்று ஒருத்தர் கேட்டார். அவருக்கு மதுரையில் பஸ் கிடையாது.

அத்தை பக்தர் வகை. பக்தர்களுக்கு நான் சொல்வது இரண்டே நேரம். ஒன்று, விடிகாலை. நடை திறந்ததும் போய்விடுங்கள். இன்னொன்று, ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு. சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குப் போவதைப் பார்த்துவிட்டு வரலாம். பகலில் மட்டும் வேண்டாம். பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அத்தை தலையாட்டினார். குளித்து, காப்பி குடித்து, கொண்டை போட்டு, பூ வைத்து, பதினொரு மணிக்கு மீனாட்சியம்மன் கோயிலில் நின்றோம். மே மாதம்.

செருப்பைக் கிழக்குக் கோபுர வாசலில் விட்டோம். தரிசனம் நன்றாகவே ஆயிற்று. வெளியே வருகிறபோதுதான் சிக்கல். நாலு திசைக்கும் நாலு பெரிய கோபுரம். தெற்குக் கோபுரம்தான் உயரம் என்று நான் எத்தனை விளக்கினாலும், அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு நாலும் ஒரே கோபுரம்தான். "இதுதான் கண்ணு, நான் வரையில இந்தப் பொம்மையைப் பார்த்தேன்" என்று ஒரு சுதைச் சிற்பத்தைக் காட்டி அத்தை சாதித்தார். கோபுரத்துக்குக் கோபுரம் ஆயிரக்கணக்கில் பொம்மை. வெளியே வந்து பார்த்தால் மேற்குக் கோபுரம். பின்னால் கதவு சாத்தும் நேரம். செருப்பு கோயிலுக்கு அந்தப் பக்கம்.

சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை, கல் பாவியிருக்கிறார்கள். மே மாதத்து உச்சி வெயிலில் அந்தக் கல்லில் காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. நிழலுக்கு நிழல் தாவினேன். ஒரு ஐஸ் வண்டியின் நிழல், குச்சி அளவுக்கு ஒரு கம்பத்தின் நிழல், முன்னால் போன ஒரு பருமனான ஆளின் நிழல். அந்த ஆள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அத்தை என்ன ஆனார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். கைப்பையைத் திறந்து, கொடைக்கானல் குளிருக்கென்று வாங்கி வந்த கம்பளிக் காலுறையை எடுத்து, நிதானமாக மாட்டிக்கொண்டு, தெற்குச் சித்திரை வீதியில் ராணி மங்கம்மாள் கணக்காக நடந்து வருகிறார். என் பக்கத்தில் வந்ததும் இரக்கத்தோடு சொன்னார்: "ஒரு ஜோடிதாங் கண்ணு இருக்குது."

அதிலிருந்து மதுரைக்கு வருகிற எல்லாருக்கும் பழைய சாக்ஸ் ஒன்று எடுத்துவரச் சொல்கிறேன். இதுவரை யாரும் எடுத்து வந்ததில்லை.

அக்கா மகன் பெங்களூருவில் ஐ.டி. வேலை. அவன் போட்டோ வகை. 2018 பிப்ரவரியில் கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததல்லவா, அதற்குப் பிறகு உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னதும் அவன் முகம், கிட்னியைக் கழற்றி வைக்கச் சொன்னது மாதிரி ஆகிவிட்டது. கோயிலுக்குள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வலது கை தானாக பேண்ட் பாக்கெட்டுக்குப் போய், வெறுமையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

"மீதி பதினைஞ்சு எங்க மாமா?"

"தெரியலடா."

"டிடிஎஸ் பிடிச்சிருப்பாங்க."

போன் இல்லாத குடும்பங்கள் அந்தப் பிராகாரங்களில் ஒருவரை ஒருவர் தேடும் காட்சியைத் தினமும் பார்க்கலாம். இதற்கு உருப்படியான யோசனை ஒன்று வைத்திருக்கிறேன். தொலைந்துபோனால் முக்குறுணிப் பிள்ளையார் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று உள்ளே நுழையும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆளுயரத்துக்கு மேல் இருக்கிற பிள்ளையார், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பொற்றாமரைக் குளத்தில் சந்திப்போம் என்று மட்டும் சொல்லாதீர்கள். குளத்துக்கு நாலு கரை. எதிரெதிர்க் கரையில் உட்கார்ந்து அக்காவும் அத்தானும் ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்த வரலாறு எங்கள் குடும்பத்தில் இருக்கிறது.

மச்சினனுக்குக் கோயில், குளம் ஒன்றும் வேண்டாம். அவனுக்கு மதுரை என்பது ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்திருக்கும் ஒரு இலை. வந்து இறங்கியதும், "மச்சான், இன்னிக்கி என்ன திட்டம்?" என்பான். சாப்பாட்டு வகையினருக்கு என் யோசனை எளிமையானது. ஒரு ராத்திரிக்கு ஒரு சங்கதி. கறிதோசை என்றால் கறிதோசை. தோசை மேல் முட்டை, முட்டை மேல் கொத்துக்கறி என்று அது மூன்று மாடிக் கட்டடம்; அதன் மேல் வேறு எதையும் கட்ட அனுமதி இல்லை. பருத்திப்பாலைக் காலையில் குடிக்க வேண்டும். பருத்திக்கொட்டைப் பாலும் கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்து அதுவே ஒரு நேரச் சாப்பாடு. ஜிகர்தண்டா மத்தியான வெயிலுக்கு.

அவன் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில், ஒரே நடையில் முடித்தான். கறிதோசை, கோலா உருண்டை, குடல், அப்புறம் கடல்பாசி மிதக்க மிதக்க ஜிகர்தண்டா, திரும்பி வருகிற வழியில் "கொஞ்சமாத்தான் மச்சான்" என்று ஒரு டம்ளர் பருத்திப்பால். ஜிகர் என்றால் நெஞ்சு, தண்டா என்றால் குளிர்ச்சி என்று அவனே எனக்கு விளக்கமும் சொன்னான். ராத்திரி மூன்று மணிக்கு அவன் ஜிகர் தண்டாவாக இல்லை. என் மனைவி ஓமத்தண்ணியோடு நின்றாள். தூங்கா நகரம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியாரான சித்தப்பாவை எந்த வகையில் சேர்ப்பதென்று தெரியவில்லை. அவருக்குக் கூட்டம் இருந்தால் அந்த இடம் பிடிக்காது. கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்ததும் முதல் வேலையாகக் கூட்டிப்போனேன். பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. ஆனா நிறையப் பேர் வந்துட்டாங்கெ" என்றார். அடுத்த வாரம் மாங்குளம் போக வேண்டும் என்றார். அழகர்கோயில் பக்கம், மீனாட்சிபுரத்து மலை. 1882-ல் ராபர்ட் சீவெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி கண்டெடுத்த தமிழிக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் கல்லிலேயே இருக்கிறது. கணி நந்தன் என்ற துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த சேதி.

காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறிவிட வேண்டும், தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோக வேண்டும், மேலே ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. இது இந்த ஊர்ச் சமண மலைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நாங்கள் ஏற ஆரம்பித்தபோது பத்தே முக்கால். சித்தப்பா குடை, டார்ச் லைட், பூதக்கண்ணாடி மூன்றும் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் பாட்டில் ஸ்கூட்டரில் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, மேலே போய்ச் சேர்ந்தோம். பாறை விளிம்பில் எழுத்துகளைக் காட்டி ஒவ்வொன்றாக வாசித்தார். எனக்குக் 'க' மட்டும் பிடிபட்டது. அந்தக் காலத்துக் 'க' ஒரு கூட்டல் குறி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உடம்பு லேசாகச் சிலிர்த்தது உண்மை. தாகமாகவும் இருக்கலாம்.

திரும்பினால் சித்தப்பாவைக் காணோம். குகைக்குள், துறவிகளுக்கு வெட்டிய கல் படுக்கையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். "எப்புடி இருந்திருக்கும்னு பாக்குறேன்டா" என்றார். எங்கள் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையில் முதுகு பிடித்துக்கொண்டது என்று மூன்று நாளாகப் புலம்பியவர், ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட்டார்.

சகலை கணக்குப் பிள்ளை வகை. கையில் பட்டியலோடு வந்து டிக் அடித்துவிட்டுப் போவார். மீனாட்சி, கொடைக்கானல், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, இரண்டு நாள். கொடைக்கானல் இங்கிருந்து 115 கிலோமீட்டர் என்றேன். "நம்ம வண்டி நல்லா இழுக்கும்" என்றார். வண்டி இழுக்கும், மலைப்பாதையில் உள்ளே இருப்பவர்கள் வயிறும் சேர்த்து இழுக்கும். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும், வீட்டிலேயே பதிந்துகொண்டு போங்கள் என்றும் சொன்னேன். அடிவாரத்தில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்தார். "சகல, ஓடிபி வரமாட்டேங்குது." ஒரு வழியாக மேலே போனபோது மலை முழுக்க மூடுபனி. பனியைப் பார்த்து, பனிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, மிளகாய் பஜ்ஜி தின்று, இறங்கிவிட்டார்கள். திரும்பி வந்ததும் பட்டியலை எடுத்து டிக் அடித்தார். "தூண்பாறை பாத்தீங்களா?" என்று கேட்டேன். "அது இருக்குற திசையைப் பாத்தோம்" என்றார்.

அவர்கள் கிளம்பிப் போன ஞாயிற்றுக்கிழமை, போர்வைகளை மடித்துக்கொண்டே என் மனைவி கேட்டாள். "என்னங்க, பத்தொம்பது வருஷமா எல்லாரையும் மஹாலுக்குப் போங்க, மஹாலுக்குப் போங்கன்னு அனுப்புறீங்களே. நீங்க எப்பப் போனீங்க?"

யோசித்தேன். அஞ்சாம் வகுப்புச் சுற்றுலாவில் போனது.

இரண்டு பேரும் திருமலை நாயக்கர் மஹாலுக்குக் கிளம்பினோம். 1636-ல் கட்டியது. இப்போது நிற்பது கால்வாசிதான் என்பார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினபோது தாத்தா கட்டினதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். "பேரனுங்க எல்லாக் காலத்துலயும் இப்படித்தான்" என்றாள் மனைவி. அத்தனை பெரிய தூண்கள். ஒரு ஆளால் கட்டிப்பிடிக்க முடியாத தூணில், எவனோ ஒருத்தன் ஆணியால் தன் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் கீறி நடுவில் அம்பு விட்டிருந்தான். நெடுஞ்செழியன் காலத்திலிருந்து நமக்கு இந்தப் பழக்கம். வளைவுகளுக்குக் கீழே காற்று சிலுசிலுவென்று வந்தது. என் மனைவி ஒரு தூணடியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே யாரு வந்தாலும் நம்மளும் சேந்து வருவோம்" என்றாள்.

அப்போது ஒரு குடும்பம் பக்கத்தில் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. சேலத்துக்காரர்கள். "சார் லோக்கலா? இங்க பாத்துட்டு அடுத்து எங்க போலாம்?" என்றார் அப்பா.

எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. "கோயிலுக்கா, சாப்பாட்டுக்கா, இல்ல கல்வெட்டுப் பாக்கவா? பாட்டி இருக்காங்க, அதனால வெயில் நேரத்துல சித்திரை வீதிப் பக்கம் மட்டும்..." என்று ஆரம்பித்தேன். அவர் செல்போனில் குறித்துக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் நான் சொன்னதைக் குறித்துக்கொண்ட முதல் மனிதர். ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி வித்தியாசத்துக்கு வந்தபோது என் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள்.

"பஸ்ஸ மட்டும் சொல்லுங்க" என்றாள் மனைவி, காதுக்குள். "வீட்டுல போர்வை துவைக்கப் போட்டிருக்கு."