நிலையத்து ஆயாவைப் பாராட்டுவது எப்படி? – புதிதாக வந்த இன்ஸ்பெக்டருக்குச் சில யோசனைகள்

முதலில் அவர் பெயரைக் கண்டுபிடியுங்கள். இருபது வருடத்துக்கு மேலாக உங்கள் காவல் நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் அந்த அம்மாளை எல்லோரும் ‘ஆயா’ என்றே கூப்பிடுகிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் தேடாதீர்கள். மாதாமாதம் இதரச் செலவு வவுச்சரில் கையெழுத்து வாங்கும் ரைட்டருக்கு மட்டுமே தெரியும். இனிஷியலையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேடயத்தில் தப்பாக விழுந்தால் அதற்கொரு தனிப்படை அமைக்க வேண்டிவரும்.

விழாவுக்கு ‘பணி ஓய்வு’ என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். அரசு ஊழியர் ஓய்வு வயதை 2021-ல் 60 ஆக்கினார்கள் என்றாலும் அது பணியிடம் உள்ளவர்களுக்கு. இவருக்குப் பணியிடமே கிடையாது. ஓய்வு என்ற வார்த்தை பேனரில் ஏறிவிட்டால், அந்தப் பக்கமாகப் போகிற வக்கீல் யாராவது பென்ஷன், பணிக்கொடை என்று கிளப்பிவிடுவார். ‘சேவைக்குப் பாராட்டு’ என்று போடுங்கள். சேவைக்கு யாரும் நிலுவை கேட்டதில்லை.

பேனரில் டி.எஸ்.பி. படம் பெரிதாக, உங்கள் படம் அதற்கடுத்து. ஆயா படத்தை ஆதார் அட்டையிலிருந்து எடுத்து ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் வைக்கலாம். (அதிலுள்ள பிறந்த தேதியை நம்ப வேண்டாம். அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜனவரி 1-ல் பிறந்தவர்கள்.) பேனர் வைக்கப் போலீஸ் ஆட்சேபிக்கக் கூடாது. ஆட்சேபிக்க வேண்டியவர் நீங்களே என்பதால் சிக்கலில்லை.

விழா நாளிலும் ஐந்தரைக்கே வந்து வாசல் தெளித்து, பறிமுதல் பைக்குகளுக்கு நடுவே நாற்காலி போட இடம் ஒதுக்கிக்கொண்டிருப்பார். தடுக்காதீர்கள். துடைப்பம் எங்கே இருக்கிறதென்று வேறு யாருக்கும் தெரியாது.

பேச்சுதான் கஷ்டம். நீங்கள் வந்து சில மாதம்தான் ஆகிறது. தேர்தல் வந்தால், மாவட்டத்தில் மூன்று வருடம் முடித்த கணக்குப் பார்த்து உங்களையும் தூக்கிவிடுவார்கள். ஆகவே ஏட்டையாவிடம் கேட்பீர்கள். அவர் சொல்வதையெல்லாம் மேடையில் சொல்ல முடியாது. ஒன்று சொல்கிறேன். விடியற்காலையில் புருஷனிடம் அடிவாங்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நிற்பாள். பாராக்காரர், “ஐயா பத்து மணிக்கு வருவாரு, போயிட்டு வாம்மா” என்பார். ஆயா அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்து, விளக்குமாற்றைத் தட்டிச் சீராக்குகிற சாக்கில் குனிந்து, “சி.எஸ்.ஆர். வாங்காம எந்திரிக்காத கண்ணு. நம்பர் போட்டிருக்கானு பாத்துக்க” என்பார். உங்கள் நிலையத்தில் புகாருக்கு ஒழுங்காக ரசீது போகிறதென்று டி.எஸ்.பி. மெச்சினால், வாங்கிக்கொண்டு சும்மா இருங்கள்.

மைக்கை அவர் கையில் கொடுக்கவே கூடாது. லாக்கப் உட்படக் காவல் நிலையம் முழுக்கக் கேமரா வைத்து, பதிவைக் குறைந்தது ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில்தான் உத்தரவிட்டது. லாக்கப் தரையைக் கழுவிவிட்டவர் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே இருக்கிறார். கேமரா அவ்வப்போது பழுதாகும். இவர் லீவு போட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. மேடையேறிய இன்ஸ்பெக்டர்கள் எல்லாரும் ‘எங்கள் குடும்பத்தில் ஒருவர்’ என்பார்கள். குடும்ப விஷயம் குடும்பத்துக்குள் இருப்பதே நல்லது. “ரெண்டு வார்த்தை பேசும்மா” என்று டி.எஸ்.பி. உற்சாகத்தில் சொல்லிவிட்டால், உடனே நாட்டுப்பண் போடச் சொல்லுங்கள்.

பரிசு என்ன கொடுப்பது? குத்துவிளக்கு, சுவர்க்கடிகாரம் இரண்டும் வழக்கம். அவருக்கு வேண்டியது மூன்று மாதச் சம்பள பாக்கி. அதை மேடையில் கவரில் வைத்துக் கொடுத்தால் பரிசு போலவே தெரியும், கைதட்டலும் கிடைக்கும் என்று ரைட்டர் யோசனை சொல்வார். கெட்டிக்காரர்தான். ஆனால் ஆயா கவரைப் பிரித்து எண்ணிப் பார்க்கிற ரகம்.

கடைசியாகக் கணக்கு. பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஆன செலவை ‘பினாயில், துடைப்பம்’ என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட வேண்டியவர் நாளைமுதல் வரமாட்டார். எனவே பொன்னாடை போர்த்துவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். போர்த்திய பிறகு அவரால் கையை வெளியே எடுக்க முடியாது.